கொழுந்தனாரின் இடது கண்

எங்கள் வீட்டு நாயின் எடை அறுபத்து நான்கு கிலோ. என் எடை ஐம்பத்து இரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "நாய்தானே, ஒரு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாரும் அந்த ஓரத்தை அளந்து பார்த்ததில்லை.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாயை அவர் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தம்பி என்றால் எனக்குக் கொழுந்தன் முறைதானே. "கொழுந்தனார் சோபாவை விட்டு இறங்குவாரா, அண்ணி கொஞ்சம் உட்காரணும்" என்று நான் கிண்டலாக ஆரம்பித்தேன். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் கொழுந்தனார் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய நாய்களுக்குக் கீழ் இமை தொங்கும். உள்ளே மறைந்திருக்க வேண்டிய சிவப்பு வெளியே தெரியும். தூசு, முடி, தெருவில் பறக்கிற எல்லாம் அந்தத் தொங்கலில் போய்ச் சேரும். விடிந்து பார்த்தால் மூக்கோரமாகப் பீளை கட்டியிருக்கும். எங்கள் நாய் டாக்டரம்மா இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"தண்ணி மாதிரி வழிஞ்சா பயமில்ல. காலையில வெள்ளையா கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்ல. மஞ்சளாவோ பச்சையாவோ வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சு, மூக்குப் பக்கத்துலேருந்து வெளியே பார்த்து ஒரே இழுப்பு. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. இந்தக் கண்ணுல பட்டது அந்தக் கண்ணுல படக்கூடாது."

இந்த வேலையை என் கணவர் தவிர யாரும் செய்ய முடியாது. காலை ஆறு மணிக்குச் சீருடையை மாட்டிக்கொண்டு, பால்கனியில் மண்டியிட்டு, இரண்டு கண்ணையும் துடைப்பார். துடைத்து முடித்ததும் தன் நெற்றியை அதன் நெற்றியோடு ஒட்டவைத்து, "உனக்கு வந்தது எனக்கு வரட்டும்டா தம்பி" என்பார். ஒரு நாள் தவறாமல்.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? சொல்லிச் சொல்லியே பலிச்சிடும்."

"பலிக்கட்டும்" என்பார். சிரிக்காமல் சொல்வார், அதுதான் எனக்குப் பிடிக்காது.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இருபத்து மூன்று வருடங்களாக மனிதர்களின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிச் சட்டத்தின் காதைச் சூடு காட்டி வளைத்து, மாட்டிவிட்டு, "நேரா என்னைப் பாருங்க" என்பேன். பொய் சொல்கிறவன்கூட அந்த நேரத்தில் நேராகத்தான் பார்ப்பான். நாய்களும் அப்படித்தான், முகத்தைத்தான் பார்க்கும். கொழுந்தனார் மட்டும் வேறு மாதிரி. ஆளின் முகத்தைப் பார்க்காமல் உடம்பில் ஏதாவது ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாப்பாட்டுத் தட்டை வைத்தாலும் திரும்ப மாட்டார். அந்தப் பார்வை எப்போதும் என் கணவர் மேல்தான் இருக்கும். என்னை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. அதற்காக நான் கோபித்துக்கொண்டதும் உண்டு, அறிவில்லாமல்.

எல்லாம் கண்ணில்தான் தொடங்கியது. கொழுந்தனாரின் இடது கண்ணில் பச்சையாகப் பீளை வழிந்த அதே வாரத்தில் என் கணவருக்கும் இடது கண் சிவந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒரே நாளில் சரியாகிவிட்டது. நாய்க்கு மூன்று வாரம் சொட்டு மருந்து போட்டோம். "அண்ணன் ஒரு நாள் நோயாளி, தம்பி ஒரு மாச நோயாளி" என்று கடையில் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்து வயிறு. பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளுமாம். சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது, ஒரே வேளையில் நிறையப் போடக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நாங்கள் அதெல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஆனாலும் ஒரு மதியம் கொழுந்தனார் வாந்தி வராமல் குமட்டிக்கொண்டு, வயிறு மத்தளமாக நின்றார். பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தோம். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என் கையில இல்ல" என்றார் டாக்டரம்மா. அறுவை முடியும் வரை என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வாரம் வயிற்று வலி.

பிறகு இடது பின்னங்கால். வழுக்குகிற தரைக்குப் பாய் வாங்கி வீடு முழுக்க விரித்தேன். அதே வாரம் என் கணவர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முதல் தடவை விட்டேன். இரண்டாம் தடவையும் விட்டேன். மூன்றாம் தடவை விட முடியவில்லை. இந்த மனிதர் தினமும் நெற்றியை ஒட்டி வரம் கேட்கிறார், யாரோ கேட்டபடி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம்தான் இதயம் வந்தது. கொழுந்தனார் இரண்டு மாடி ஏறியதும் இருமினார். டாக்டரம்மா படம் எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இதயம் பெருசாயிருக்கு. ஏழு வயசுல இந்த மாதிரி நாய்களுக்கு வர்றதுதான். மாத்திரை தர்றேன். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்கு முப்பதுக்குக் கீழ இருக்கணும். தாண்டினா உடனே வாங்க."

என் கணவர் தலையாட்டினார். மறுநாள் காலை அதே பால்கனி, அதே நெற்றி, அதே வார்த்தை. நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். கண் போனால் சொட்டு மருந்து, கால் போனால் கம்பு. இதயம் வந்து சேர்ந்தால்? ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர் இவர்.

நான் யோசிக்கவில்லை. நாய் போனால் நாய், இவர் போனால் எனக்கு வீடே இல்லை. அன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"கொழுந்தனாரை உங்க அக்கா வீட்டுல கொஞ்ச நாள் விடலாம். அங்க மாடி இல்ல, தோட்டம் இருக்கு. அதோட இதயத்துக்கு நல்லது."

பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, நல்லதுதான். நாளைக்கே விட்டுடலாம்" என்றார். நாயின் துண்டு, தட்டு, மாத்திரை, பஞ்சு எல்லாவற்றையும் அவரே மூட்டை கட்டினார். இரண்டு மணி நேரப் பயணம். நாத்தனார் வீட்டு வாசலில் அந்தப் பெரிய தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று "எனக்கு வரட்டும்" என்று சொல்லவில்லை. "அங்கேயே இருடா" என்றார், அவ்வளவுதான்.

நாங்கள் வண்டியில் ஏறும்போது கொழுந்தனார் என் கணவரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருமுனை திரும்பும்வரை கண்ணாடியில் எனக்கு அது தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை என் கணவரின் இடது கண் திறக்கவில்லை. பச்சையாக ஒட்டியிருந்தது. ஆறின தண்ணீரும் பஞ்சும் எடுத்து நானே துடைத்தேன். அன்று மதியம் நாத்தனார் போன் செய்தார்.

"நீங்க சொன்ன மாதிரி காலையில கண்ணைத் துடைக்கலாம்னு போனேன், துடைக்க ஒண்ணுமே இல்லம்மா. கழுவி வெச்ச கண்ணாடி மாதிரி இருக்கு."

"தோட்டத்துக் காத்து ஒத்துக்கிச்சு அக்கா" என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் என் கணவருக்கு வயிறு உப்பியது. நாத்தனார், "வேளைக்கு ரெண்டு தட்டு கேக்குறான்" என்றார். அதற்கடுத்த வாரம் இவர் முழங்காலை மடக்க முடியாமல் விடுப்புப் போட்டார். நாத்தனார், "சுவரைத் தாண்டிக் குதிக்கிறான், உன் வீட்டுல நொண்டினான்னு சொன்னியே, பொய்யா?" என்று சிரித்தார். இந்த முறை எதுவும் ஒரே நாளில் போகவில்லை. கண்ணும் போகவில்லை, வயிறும் போகவில்லை, காலும் போகவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

போனை வைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். பணிமனையில் கொடுத்த விடுப்புச் சீட்டுகளின் நகல்களை என் கணவர் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். நாய்க்கு டாக்டரம்மா கொடுத்த அட்டை வேறு இருந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடையில் இடது கண் எண்ணையும் வலது கண் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன்.

கண் எரிச்சல், விடுப்பு, ஒன்பதாம் தேதி. நாய்க்குக் கண், பத்தாம் தேதி.

வயிற்று வலி, விடுப்பு, இருபத்தொன்று. நாய்க்கு அறுவை, இருபத்திரண்டு.

முழங்கால், மூன்று. நாய்க்குக் கால், நான்கு.

நான் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தது. நாயிடமிருந்து இவருக்கு எதுவும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இவருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. மறுநாள் நாய் எடுத்துக்கொண்டிருக்கிறது. இவர் ஒரு நாள் நோயாளியாக இருந்த ரகசியம் அதுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை நான்தான் போட்டேன். போட்டதோடு நிற்காமல், நோயை வாங்கிக்கொண்டிருந்த நாயை வண்டியேற்றி அனுப்பியும்விட்டேன்.

அட்டையின் கடைசி வரியில் "இதயம், பதினேழு" என்றிருந்தது. அதற்கு முந்தின நாளுக்கு விடுப்புச் சீட்டு எதுவும் இல்லை. கிளிப்பை மூன்று தடவை புரட்டினேன், இல்லவே இல்லை. சின்னதாக ஒரு நிம்மதி வந்தது.

அந்த நிம்மதி மறுநாள் காலை பத்தேகால் வரை இருந்தது. அப்போதுதான் பணிமனையிலிருந்து போன் வந்தது. காலைச் சுற்று முடிந்து வண்டியை உள்ளே நிறுத்தியவர், இறங்காமல் ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்திருக்கிறார்.

மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இதயம் பெருத்துவிட்டது, பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்து, முழு ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசல் வரை வந்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "எதுக்கும் தயாரா இருங்க" என்றார். நான் தயாராக இல்லை. எந்தக் காலத்திலும் இருக்கப்போவதும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் படுக்கவைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, கொழுந்தனாரை உடனே கூட்டிட்டு வாங்க."

"இப்பவேவா? இங்க டாக்டர்கிட்ட காட்டினேன், தெரியுமா? இதயத்துல ஒண்ணுமே இல்லையாம். பழைய படத்தைக் காட்டினா இது வேற நாய்ங்கிறாரு."

"கூட்டிட்டு வாங்க அக்கா" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

நாத்தனார் மாலை நான்கு மணிக்குக் கொழுந்தனாரோடு வந்தார். கதவைத் திறந்ததும் நான் பின்வாங்கினேன். ஏழு வயது நாயாகத் தெரியவில்லை. தோல் பளபளத்தது. தொங்கின இமை தொங்கலாகத்தான் இருந்தது, ஆனால் கண் இரண்டும் காய்ந்து, துடைத்துவிட்ட கண்ணாடியாக இருந்தன. நாத்தனாரின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு நேராகப் படுக்கையறைக் கதவுக்குப் போனார். குரைக்கவில்லை. மூடிய கதவில், படுத்திருப்பவரின் நெஞ்சு எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த இடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். நடுவில் மரக்கதவு இருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"அவனை உள்ள விடாதே."

நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, நாய் நுழையாமல் முழங்காலால் மறித்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளாத் தெரியும்." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "பதினாறாம் தேதி சிக்னல்ல நிக்கும்போது நெஞ்சைப் பிசைஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்கு வந்து உக்காந்தேன். அவன் வந்து மடியில தலையை வெச்சான். போயிடுச்சு. மறுநாள் அவன் இருமினான்."

"அப்புறம் தினமும் காலையில என்ன வரம் கேட்டுட்டு இருந்தீங்க?"

"வரம் இல்ல. அது என்னோடதுடி. திருப்பிக் கேட்டுட்டு இருந்தேன். அவன் கொடுக்க மாட்டேன்னுட்டான். நீ அவனை அனுப்பலாம்னு சொன்னப்போ, சரி, இப்பவாவது வாங்கிக்கலாம்னு பார்த்தேன்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள்ளேயே இவ்வளவு நாளாக ஒருவரோடு ஒருவர் இழுபறி நடத்தியிருக்கிறார்கள். நான் நடுவில் நின்று பாய் விரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உள்ள விட்டா அவன் செத்துடுவான். இந்தத் தடவை எல்லாத்தையும் சேர்த்து எடுப்பான்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். நாத்தனார் ஒன்றும் புரியாமல் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். கொழுந்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல உடம்பையல்ல, என் முகத்தை. கடையில் புதுச் சட்டம் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களைப் போல, நேராக. வழியை விடு அண்ணி என்று அந்தப் பார்வை சொன்னது. விட்டால் கொழுந்தனார் போய்விடுவார், விடாவிட்டால் என் கணவர் போய்விடுவார். அந்த நாயை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு வருடம் திட்டித் திட்டியே வளர்த்திருக்கிறேன்.

அந்தப் பெரிய தலையை இரண்டு கையாலும் இழுத்து என் நெற்றியோடு ஒட்டிவைத்தேன். சூடாக இருந்தது.

"பாதிதான் உங்களுக்கு, கொழுந்தனாரே" என்றேன். "மீதி எனக்கு வரட்டும்."

கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் இப்போது பேருந்து ஓட்டுவதில்லை. பணிமனையில் நேரம் குறிக்கிற மேசையில் உட்கார்கிறார். போன மாதம் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்து தான் பார்த்ததில்லை என்றார். கொழுந்தனார் சாகவில்லை. ஆனால் இடது கண்ணில் மறுபடி பீளை கட்டுகிறது. ஒரு மாடி ஏறியதும் நின்றுவிடுகிறார். நானும் அவரோடு நிற்கிறேன்.

கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு "நேரா என்னைப் பாருங்க" என்றேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "உங்க வலது கண்ணுல ஏதோ வழியுதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொழுந்தனார் பாயில் படுப்பார், பக்கத்திலேயே சுவரோரம் நான் படுப்பேன். என் கணவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தோடு உட்காருவார். இரண்டு பேரின் மூச்சையும் எண்ணுவார், தாளில் குறித்துவைப்பார். போன வாரம் இரண்டு பேருக்குமே இருபத்தாறு. இந்த வாரம் நான் கண் விழித்தபோது அவர் கையில் கடிகாரம் இருந்தது, தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வாய்க்குள் "முப்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து, மண்டியிட்டு, முதலில் கொழுந்தனாரின் இடது கண்ணைத் துடைத்தார். அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு எடுத்து என் வலது கண்ணைத் துடைத்தார், மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, ஒரே இழுப்பாக. பிறகு தன் நெற்றியை என் நெற்றியோடு ஒட்ட வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் கையால் இறுகப் பொத்தினேன்.